வலையை விட்டதும் கடனை விட்டதும் ஒரே சொல்லா?

வேதச் சொல்: வாசகர் கேள்வி பதில்

ஆண்டவர் கற்பித்த செபத்தில் 'மன்னியும்' என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள வினை 'அஃபியேமி' என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பல கேள்விகள் வந்துள்ளன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். 'பழைய மொழிபெயர்ப்பு' என்று நாம் சொல்வது புரட்டஸ்தாந்து சபைகளில் நெடுங்காலமாக வாசிக்கப்படுவது. 'பொது மொழிபெயர்ப்பு' என்பது கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படும் திருவிவிலியம்.

கேள்வி: நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து மெதடிஸ்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா வீட்டில் 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்று செபிக்கிறோம். இங்கே 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்கிறார்கள். கடனா, பாவமா? பொறுப்பதா, மன்னிப்பதா? எது மூலத்தில் உள்ளது? (வாசகி, சின்னக்கடை)

பதில்: மத்தேயு 6:12இல் உள்ளது கடன்தான். 'ஒஃபெய்லேமத்தா' என்ற அந்தப் பெயர்ச்சொல், கொடுத்துத் தீர்க்கவேண்டிய தொகையைக் குறிக்கும் சாதாரணச் சொல். லூக்கா 11:4இல் முதற்பாதியில் 'பாவங்கள்' என்றும் இரண்டாம் பாதியில் 'எங்களிடம் கடன்பட்ட ஒவ்வொருவருக்கும்' என்றும் வருகிறது. இயேசுவின் நாளில் பேசப்பட்ட அரமேய மொழியில் 'ஹோபா' என்ற ஒரே சொல் கடனையும் பாவத்தையும் குறித்தது. மத்தேயு அதைக் கடனாகவே வைத்தார். லூக்கா ஒரு பக்கம் விளக்கி எழுதி, மறுபக்கம் கடனை அப்படியே விட்டார். ஆகவே உங்கள் இரு வீட்டுச் செபமும் மூலத்தை ஒட்டியவைதான்.

வினைக்கு வருவோம். 'அப்போ' என்றால் 'இடத்திலிருந்து அப்பால்', 'ஹியேமி' என்றால் 'அனுப்பு'. இரண்டும் சேர்ந்தது அஃபியேமி: கையிலிருந்து போகவிடுவது. கிரேக்கர் அம்பு விடுவதற்கும், பந்தயத்தில் குதிரைகளைப் புறப்படவிடுவதற்கும், வழக்கிலிருந்து ஒருவனை விடுவதற்கும் இதைச் சொன்னார்கள். வரி, கடன் விடயங்களில் இது அரச ஆவணச் சொல். லண்டனில் உள்ள ரொசெட்டா கல் கி.மு. 196இல் எகிப்தில் பொறிக்கப்பட்டது. அதன் கிரேக்கப் பகுதியில், ஐந்தாம் தொலமி மன்னர் சில வரிகளை முற்றாக 'அஃபேக்கென்' என்று உள்ளது. தள்ளுபடி செய்தார் என்று பொருள். செபத்தில் நாம் கேட்பதும் அதே வினைதான்: 'அஃபெஸ்', தள்ளிவிடும்.

அப்படியென்றால் 'பொறுத்தருளும்' பிழையா? பிழையில்லை, அது இன்னும் பழைய ஓர் ஊற்றிலிருந்து வருகிறது. சங்கீதம் 32:1இல், 'மீறுதல் மன்னிக்கப்பட்டவன்' என்ற இடத்தில் எபிரேய வினை 'நாசா': தூக்குவது, சுமப்பது. தமிழில் பொறுத்தல் என்பதன் முதற்பொருளும் பாரம் தாங்குவதே. அந்தச் சங்கீதத்தைக் கிரேக்கத்துக்கு மாற்றியவர்கள் 'நாசா' இருந்த இடத்தில் அஃபியேமியைப் போட்டார்கள்; பவுல் ரோமர் 4:7இல் எடுத்தாள்வது அந்தக் கிரேக்க வடிவத்தை. உங்கள் அம்மா வீட்டுச் செபத்தில் எபிரேயப் படிமமும், கணவர் வீட்டுச் செபத்தில் கிரேக்கப் படிமமும் வாழ்கின்றன. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: 'இவர்களுக்கு மன்னியும்' என்று பழைய மொழிபெயர்ப்பில் வருகிறதே. 'இவர்களை மன்னியும்' என்பதுதானே சரியான தமிழ்? (ஆசிரியர், உப்புவெளி)

பதில்: இன்றைய தமிழுக்கு 'இவர்களை' என்பதுதான் இயல்பு. ஆனால் அந்த 'கு' உருபு மூலத்தின் அமைப்பைக் காட்டிக்கொடுக்கிறது. அஃபியேமி மன்னிப்புப் பொருளில் வரும்போது கடனோ பாவமோ செயப்படுபொருளாக நிற்கும். ஆள் நான்காம் வேற்றுமையில் நிற்பார். 'அவருக்கு அவருடைய கடனைத் தள்ளிவிடு' என்ற அமைப்பு அது. விடப்படுவது கடன், பயன் பெறுபவர் ஆள். 'உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது' (மாற்கு 2:5) என்பதில் வரும் 'உனக்கு' இதே காரணத்தால் வந்தது. பழைய மொழிபெயர்ப்பில் தமிழ் கொஞ்சம் முரடாகத் தெரியும் இடங்களில் பல இப்படிப்பட்டவை. அவற்றைப் பிழை என்று தள்ளாமல் ஒருமுறை நின்று பாருங்கள்.

கேள்வி: சீமோனும் அந்திரேயாவும் வலையை விட்டுப் பின்சென்றார்கள் என்பதிலும் அதே சொல் என்று கேள்விப்பட்டேன். அப்படியென்றால் வலையைக் கடலில் எறிந்துவிட்டுப் போனார்களா? தொழில் செய்கிற நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம். (வாசகர், திருக்கடலூர்)

பதில்: எறிந்ததாக மூலத்தில் இல்லை. மாற்கு முதலாம் அதிகாரத்தைச் சொல் சொல்லாகப் பார்த்தால் உங்களுக்கு நன்றாக விளங்கும்.

16ஆம் வசனத்தில் அவர்கள் செய்துகொண்டிருந்தது வீச்சுவலைத் தொழில். வட்டமாக விரிந்து விழும் வலைக்குரிய 'அம்ஃபிபிளேஸ்த்ரொன்' என்ற சொல்லின் வினை வடிவம் அங்கே உள்ளது. (நம் கரைவலைக்கு நிகரான இழுவலை 'சகேனே'. அது மத்தேயு 13:47 உவமையில் வருகிறது.) 18ஆம் வசனத்தில் 'திக்தியா' என்ற பொதுச்சொல்லால் வலைகள் என்று சொல்லி, அவற்றை 'அஃபெந்தெஸ்', விட்டு, அவருக்குப் பின்சென்றார்கள் என்று முடிகிறது. வலை எங்கே கிடந்தது, யார் எடுத்து உலர்த்தினார்கள் என்பதெல்லாம் இந்த வினைக்குள் இல்லை. இருவரின் கை வலையிலிருந்து எடுபட்டது என்பதோடு வினையின் வேலை முடிகிறது.

20ஆம் வசனத்தில் யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவைக் கூலியாட்களோடு படவில் 'விட்டு' வருகிறார்கள். அதே வினை. தொழில் நிற்கவில்லை, படவு இருக்கிறது, ஆள் இருக்கிறது, வலை பழுதுபார்க்கும் வேலையும் இருக்கிறது. தகப்பனைக் கைவிட்டார்கள் என்று இதை வைத்துப் பிரசங்கிப்பது மிகை. கைவிடுதலுக்கு மாற்கு வேறு சொல் வைத்திருக்கிறார். சிலுவையில் 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற இடத்தில் (15:34) வருவது 'எங்கத்தலெய்ப்போ'.

இன்னும் கீழே போங்கள். 31ஆம் வசனத்தில் சீமோனின் மாமியைக் காய்ச்சல் 'விட்டது': அஃபேக்கென். 34இல் பிசாசுகளை அவர் பேச 'விடவில்லை'. அடுத்த அதிகாரம் 5ஆம் வசனத்தில் திமிர்வாதக்காரனின் பாவங்கள் 'விடப்படுகின்றன'. வலை, தகப்பன், காய்ச்சல், பேச்சு, பாவம்: ஐந்தும் ஒரு வினை. கிரேக்கத்தில் காதால் கேட்ட சபைக்கு இந்தத் தொடர்ச்சி உடனே காதில் விழுந்திருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பில் 'விட்டு', 'நீங்கிற்று', 'இடங்கொடுக்கவில்லை', 'மன்னிக்கப்பட்டது' என்று பிரிந்துபோனதால் நமக்கு விழுவதில்லை. இத்தனைக்கும் தமிழின் 'விடு' இந்த வினைக்கு மிகவும் நெருங்கிய உறவு. காய்ச்சல் விட்டது, கதைக்க விடவில்லை, ஆவியை விட்டார், வட்டியை விட்டுக்கொடுத்தார் என்று நாம் சொல்வதெல்லாம் கிரேக்கத்தில் அஃபியேமியே. 'ஆவியை விட்டார்' என்பது மத்தேயு 27:50இல் அச்சொட்டாக அப்படியே உள்ளது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கெத்செமனேயில், மாற்கு 14:50இல், 'எல்லாரும் அவரைவிட்டு ஓடிப்போனார்கள்'. அங்கேயும் 'அஃபெந்தெஸ்'. வலையை விட்டவர்களுக்குச் சொன்ன அதே வடிவம், எழுத்துக்கூட மாறவில்லை. முதலாம் அதிகாரத்தில் அவருக்காக எல்லாவற்றையும் விட்டவர்கள், பதினான்காம் அதிகாரத்தில் அவரையே விடுகிறார்கள். மாற்கு வேண்டுமென்றே வைத்தாரா என்பதைச் சொல் மட்டும் நிரூபிக்காது. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்காமல் பாடு வாரத்தில் அந்தப் பகுதியைக் கடந்துபோவது பெரிய இழப்பு என்பதே எங்கள் எண்ணம்.

கேள்வி: சீட்டுக் காசில் எனக்கு ஒருவர் பெருந்தொகை தரவேண்டும். கேட்டால், 'கடனை மன்னியும் என்று நீங்களே செபிக்கிறீர்களே' என்று சபையில் சிலர் என்னைத்தான் குறை சொல்கிறார்கள். வேதம் அப்படியா சொல்கிறது? (வாசகர், நிலாவெளி)

பதில்: கடன் விடயத்தில் இந்த வினை எப்படி இயங்குகிறது என்பதை மத்தேயு 18:23–35 முழுமையாகக் காட்டுகிறது. அதைக் கணக்கோடு பார்ப்போம்.

முதல் ஊழியக்காரனின் கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). ஆக 6 கோடி நாட்கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் 2,00,000 வருடக் கூலி. அந்தக் காலத்தில் கலிலேயா, பெரேயா இரண்டிலிருந்தும் எரோது அந்திப்பாவுக்குக் கிடைத்த ஆண்டு வருமானமே 200 தாலந்து என்று முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். ஓர் ஆட்சியாளரின் 50 ஆண்டு வருமானம் அது. இரண்டாமவன் முதலாமவனுக்குத் தரவேண்டியது 100 தெனாரியம்: ஏறக்குறைய நான்கு மாதக் கூலி. பழைய மொழிபெயர்ப்பின் 'நூறு வெள்ளிப்பணம்' சில்லறைக்காசு போலத் தோன்றும். உண்மையில் ஏழைக்கு அது கணிசமான தொகை. இயேசு அதை அற்பம் என்று சொல்லவில்லை.

27ஆம் வசனத்தில் அரசன் இரண்டு காரியம் செய்கிறான். ஆளை விடுதலைபண்ணுகிறான், அதற்கு 'அப்பொலுவோ' என்ற வினை. கடனைத் தள்ளிவிடுகிறான், அதற்கு அஃபியேமி. தொகை இவ்வளவு என்று கணக்குப் பார்த்து, கடன் உண்மை என்று தெரிந்து, அந்த நட்டத்தைத் தானே ஏற்று அதைச் செய்கிறான். யார் செய்கிறான்? கடன் கொடுத்தவன். இந்த வினைக்குக் கடனோ பாவமோ செயப்படுபொருளானால், எழுவாய் பொதுவாக அந்தக் கடனுக்கு உரிமையாளராகவே இருப்பார். மாற்கு 2:7இல் வேதபாரகர் 'தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்' என்று முறுமுறுத்ததும் இதனால்தான்: உரிமை இல்லாதவர் எப்படித் தள்ளுபடி செய்யலாம்?

ஆகவே உங்கள் காசை மன்னிக்க உங்களால்தான் முடியும். சபையில் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாமவர் உங்கள் சார்பில் மன்னிக்க முடியாது. உங்களை நெருக்குவதற்கு இந்த வசனத்தைத் தூக்குவதும் முறையல்ல. காசைக் கேட்பது பாவம் என்று இந்த உவமை சொல்லவில்லை. அது கண்டிப்பது 28ஆம் வசனத்தில் உள்ள செயலை: 'அவனைப் பிடித்து, தொண்டையை நெரித்து'. அங்கே 'பிடித்து' என்பதற்குரிய வினை 'கிரத்தேயோ'. அஃபியேமிக்கு அதுதான் நேர் எதிர்ச்சொல். விடுவதும் பிடிப்பதும்.

இந்த எதிர்மறைச் சோடியை அறிந்துகொண்டால் வேறு இரண்டு இடங்களும் தெளிவாகும். மாற்கு 7:8: தேவனுடைய கட்டளையை 'விட்டு' மனிதரின் பாரம்பரியத்தைப் 'பிடித்துக்கொள்கிறீர்கள்'. யோவான் 20:23: எவருடைய பாவங்களை 'விடுகிறீர்களோ' அவை விடப்பட்டிருக்கும், எவருடையதைப் 'பிடித்துவைக்கிறீர்களோ' அவை பிடிக்கப்பட்டிருக்கும். பழைய மொழிபெயர்ப்பு இங்கே 'மன்னியாதிருக்கிறீர்களோ' என்று எழுதியதால் பிடித்துவைக்கும் கை மறைந்துவிட்டது.

நடைமுறைக்கு: தொகையை இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். முழுவதும் கேட்பதா, தவணையில் கேட்பதா, ஒரு பகுதியைத் தள்ளுவதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். தள்ளுவதாக முடிவெடுத்தால் எந்தத் தொகை என்று அவரிடம் சொல்லி, கொப்பியில் அந்த வரியை வெட்டிவிடுங்கள். வாயால் மன்னித்துவிட்டு, வருடக்கணக்கில் நாலுபேர் முன் சொல்லிக்காட்டுவது அஃபியேமி அல்ல. அது பிடித்த பிடிதான்.

கேள்வி: நாம் மன்னித்தால்தான் கடவுள் மன்னிப்பாரா? பழைய மொழிபெயர்ப்பில் 'மன்னிக்கிறதுபோல', பொது மொழிபெயர்ப்பில் 'மன்னித்துள்ளதுபோல'. காலமே மாறுகிறதே. (வாசகி, பாலையூற்று)

பதில்: காலம் மாறுவது கையெழுத்துப் பிரதிகளில். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் பிரதியிலும், சீனாய் பிரதியில் திருத்தங்களுக்கு முன் எழுதப்பட்ட முதல் வாசகத்திலும் 'அஃபேக்கமென்' உள்ளது: மன்னித்துவிட்டோம், முடிந்த செயல். பிற்காலப் பிரதிகளில் பெரும்பாலானவற்றில் 'அஃபியெமென்' உள்ளது: மன்னிக்கிறோம். பழைய மொழிபெயர்ப்பு பிந்தியதையும், பொது மொழிபெயர்ப்பு முந்தியதையும் பின்பற்றுகின்றன. லூக்காவில் 'நாங்களும் மன்னிக்கிறோமே' என்று நிகழ்காலத்தில் உள்ளது. மாறாத செபவாய்ப்பாட்டுக்குப் பழகிய எழுத்தர்கள் மத்தேயுவையும் நிகழ்காலத்துக்கு இசைவித்திருக்க வாய்ப்பு அதிகம்.

யாருடைய மன்னிப்பு முதல் என்ற கேள்விக்கு இந்த ஒரு வசனத்தின் காலத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. 6:14–15 கண்டிப்பாகவே பேசுகிறது: நீங்கள் மன்னியாவிட்டால் உங்கள் பிதாவும் மன்னியார். 18ஆம் அதிகாரத்தில் அரசனின் தள்ளுபடி முதலில் வருகிறது. ஊழியக்காரன் அதைத் தொடராதபோது அது திரும்பப் பெறப்படுகிறது. மத்தேயு இரண்டையும் வைத்திருக்கிறார். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் பிரசங்கம் பாதிப் பிரசங்கம்.

லூக்கா 7:47இல் அந்தப் பெண் அன்புகூர்ந்ததால்தான் மன்னிப்புப் பெற்றாளா என்று கேட்டவர்களுக்கும் இங்கேயே: பாவியான பெண்ணின் பாவங்கள் 'அஃபெயோன்தாய்', ஏற்கெனவே மன்னிக்கப்பட்டு அந்த நிலையில் இருக்கின்றன. அங்கே இயேசு சொல்லும் உவமையில் 500 தெனாரியம், 50 தெனாரியம் கடன்பட்ட இருவரும் கடன் போன பிறகுதான் அன்புகூருகிறார்கள். ஆகவே அவளின் கண்ணீரும் தைலமும் மன்னிப்புக்குக் கொடுத்த விலை ஆகாது. மன்னிப்பு நடந்ததற்கான அடையாளம்.

கேள்வி: அடிக்கிற கணவரை மன்னிப்பதென்றால் திரும்பிப் போய்ச் சேர்ந்து வாழவேண்டும் என்று வீட்டாரும் ஊழியரும் சொல்கிறார்கள். (பெயர் வேண்டாம், மூதூர்)

பதில்: அந்த வினைக்குள் அப்படி ஒரு கட்டளை இல்லை. உறவு ஒப்புரவாவதற்குப் புதிய ஏற்பாட்டில் வேறு வினைகள் உள்ளன: 'கத்தல்லாசோ', 'தியல்லாசோ'. மத்தேயு 5:24இல் அஃபியேமியும் ஒப்புரவின் வினையும் ஒரே வசனத்தில் வருகின்றன. காணிக்கையை அங்கே 'வைத்துவிட்டு' என்பது அஃபியேமி. சகோதரனோடு 'ஒப்புரவாகி' என்பது தியல்லாசோ. மன்னிப்பு ஒருவர் தனியே செய்யக்கூடியது. மாற்கு 11:25 நின்று செபிக்கும்போதே மன்னிக்கச் சொல்கிறது; மற்றவர் அங்கே இருக்கவேண்டியதில்லை. ஒப்புரவுக்கு இருவர் வேண்டும், அடித்தவர் மாறியிருக்கவேண்டும். லூக்கா 17:3, மன்னி என்பதற்கு முன் 'அவனைக் கடிந்துகொள்' என்றும் 'அவன் மனஸ்தாபப்பட்டால்' என்றும் சொல்கிறது. பேதுரு 'ஏழுதரமட்டுமோ' என்று கேட்பது மத்தேயு 18:21இல். அதற்குச் சற்று முன்னே 15–17இல் குற்றத்தைச் சாட்சிகளோடு எடுத்து, கேளாவிட்டால் சபைக்குச் சொல், அதற்கும் கேளாவிட்டால் அவனை வெளியாள்போல் எண்ணு என்று படிப்படியான நடைமுறை உள்ளது. 17ஆம் வசனத்தை மூடிவைத்து 22ஐ மட்டும் வாசித்துக்காட்டுகிறவர்களிடம் அதையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

மன்னிப்பைப் பற்றி யோசிக்க உங்களுக்குக் காலம் இருக்கிறது. பாதுகாப்பு இன்றைக்கே வேண்டியது. பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பணியகத்தில் முறையிடலாம். பெண்கள் உதவி இலக்கம் 1938. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005, 34ஆம் இலக்கம்) படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரை வழங்கப்படும். அந்தக் கட்டளையைக் கேட்பது மன்னியாமை ஆகாது.

கேள்வி: கிரேக்கம் படிக்காத நாங்கள் இப்படிச் சொல் தேடுவது எப்படி? தொலைபேசியில் ஸ்ட்ரோங் எண் உள்ள செயலி இருக்கிறது. வாலிபர் கூட்டத்தில் பயன்படுத்தலாமா? (வாலிபர் குழு, சாம்பல்தீவு)

பதில்: பயன்படுத்தலாம். ஸ்ட்ரோங் எண் என்பது வேதத்தின் மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் இடப்பட்ட எண். அஃபியேமிக்கு எண் 863. அதன் பெயர்ச்சொல் 'அஃபெசிஸ்' 859. முதலில் 863ஐத் தட்டி அது வரும் எல்லா வசனங்களையும் பட்டியலாக எடுங்கள். வினை வரும் தடவைகள் 140க்குச் சற்று மேல் இருக்கும். பத்தில் எட்டுக்கும் மேல் நான்கு நற்செய்திகளில். ஒரு சுவிசேஷத்தை மட்டும் எடுத்து ஒவ்வொரு வசனத்திலும் 'எது விடப்படுகிறது?' என்று கேட்டு ஓரத்தில் எழுதுங்கள். பொருளோ இடமோ என்றால் விட்டுச்செல்லுதல். கடனோ பாவமோ என்றால் மன்னிப்பு. பின்னால் இன்னொரு வினை வந்தால், 'வர விடுங்கள்' (மாற்கு 10:14) என்பதுபோல, இடங்கொடுத்தல். மனைவி, கணவன் என்றால் விவாகத்தை முறித்தல்: 1 கொரிந்தியர் 7:11–13. வினையின் பொருளைத் தீர்மானிப்பது இந்தச் செயப்படுபொருளே.

அதிகமாகப் பிழை நடப்பது அடுத்த கட்டத்தில். அகராதியில் பத்துப் பொருள் கண்டவுடன் பத்தையும் ஒரே வசனத்தில் கொட்டுவார்கள். 'மன்னி என்றால் மனைவியைத் தள்ளுவதுபோலப் பாவத்தைத் தள்ளு, அம்பை எய்வதுபோல எய்துவிடு' என்று ஒரு பிரசங்கம் பிறந்துவிடும். ஒரு வசனத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் வேலை செய்யும். 'அப்போ', 'ஹியேமி' என்று பிரித்துப் பார்ப்பதும் அப்படியே: சொல் பிறந்த கதை அது, எல்லா இடத்துக்கும் உரிய பொருள் அல்ல. வினையின் காலத்தையும் எண் காட்டாது. மத்தேயு 6:12இல் பிரதிகள் தரும் இரண்டு வடிவங்களுக்கும் எண் 863தான். எண்ணுக்கு வெளியே உள்ளதையும் தேடவேண்டும். பவுல் இந்த வினையை ஐந்தே இடத்தில் எழுதுகிறார். அதில் மன்னிப்புப் பொருள் ரோமர் 4:7 மட்டும், அதுவும் மேற்கோள். அப்படியென்றால் பவுல் மன்னிப்பைப் பேசவில்லையா? பேசுகிறார், 5483 என்ற எண்ணில்: 'காரிட்சொமாய்', கிருபை என்ற சொல்லின் உறவு, இலவசமாய்க் கொடுப்பது (எபேசியர் 4:32, கொலோசெயர் 3:13). லூக்கா 7:42இல் 500, 50 தெனாரியக் கடன்களை விட்டதற்கும் அந்த வினைதான். 863ஐ மட்டும் பார்த்தவர் இதையெல்லாம் தவறவிட்டிருப்பார்.

கேள்வி: நாசரேத்து ஜெபாலயத்தில் இயேசு வாசித்ததிலும் இந்தச் சொல் உண்டா? (உபதேசி, தம்பலகாமம்)

பதில்: பெயர்ச்சொல் அஃபெசிஸ், இரண்டு தடவை. லூக்கா 4:18இல் 'சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை' என்பது ஏசாயா 61:1இலிருந்து. 'நொறுங்குண்டவர்களை விடுதலையாக்க' என்பது 61இல் இல்லை, 58:6இலிருந்து வந்து சேர்ந்தது. இரண்டையும் இணைத்தது இந்த ஒரு சொல். லேவியராகமம் 25:10இன் கிரேக்க வடிவத்தில், 50ஆம் வருடத்தில் தேசமெங்கும் கூறச்சொல்லும் விடுதலையும் அஃபெசிஸ். உபாகமம் 15இல் ஏழாம் வருடக் கடன் விடுதலையும் அதுவே. காணி உரியவரிடம் திரும்புவதும், அடிமை வீடு திரும்புவதும், கடன் நீங்குவதும் அந்தச் சொல்லில் அடங்கியிருந்தன. அதே லூக்கா, நற்செய்தியின் முடிவில் (24:47) எருசலேம் தொடங்கி அறிவிக்கப்படவேண்டிய 'பாவமன்னிப்பு' என்று எழுதும்போதும் அஃபெசிஸ். பிரசங்கத்துக்கு எடுக்கிறவர்கள் 4:18ஐ ஆத்துமாவுக்கு மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம். 24:47ஐக் காணிக்கும் கடனுக்கும் மட்டும் இழுக்கவும் வேண்டாம்.

கேள்வி: 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும்' என்ற வசனம் பழைய பிரதிகளில் இல்லை என்பது மெய்யா? (வாசகர், உட்துறைமுக வீதி)

பதில்: சிலவற்றில் இல்லை. லூக்கா 23:34இன் அந்தப் பகுதி 3ஆம் நூற்றாண்டு வாக்கிலான பப்பிரசுச் சுவடி 75இலும் வத்திக்கான் பிரதியிலும் இல்லை. சீனாய் பிரதியில் திருத்தங்களுக்கு முன் எழுதப்பட்ட முதல் வாசகத்திலும் அலெக்சாந்திரியப் பிரதியிலும் உள்ளது. அதனால் ஆய்வுப் பதிப்புகள் அதை இரட்டை அடைப்புக்குறிக்குள் அச்சிடுகின்றன. ஸ்தேவான் சாகும்போது செய்த வேண்டுதல் (அப்போஸ்தலர் 7:60) இதற்கு ஒத்திருந்தாலும் அங்கே அஃபியேமி இல்லை. அதிலிருந்து எடுத்து இங்கே ஒட்டினார்கள் என்ற வாதத்துக்கு அது ஒரு தடை. 'என்றார்' என்பதற்குரிய வினையும் தொடர்வினை வடிவில் உள்ளது: சொல்லிக்கொண்டிருந்தார்.

கேள்வி: இன்றைய கிரேக்கர் இந்தச் சொல்லைப் பேசுகிறார்களா? (மாணவி, திருகோணமலை நகர்)

பதில்: 'அஃபீனோ' என்று மாறி அன்றாடம் வழங்குகிறது: பையை இங்கே விடு, என்னைப் போக விடு. மன்னிப்புக்கு இன்று 'சிங்ஹொரோ' என்ற வேறு வினையைச் சொல்கிறார்கள். ஆலயத்தில் ஆண்டவரின் செபம் சொல்லும்போது மட்டும் பழைய 'அஃபெஸ்' அப்படியே ஒலிக்கிறது.